அக்காவின் குரலுக்கு ஒரு பூட்டு

என் அக்கா வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஊரே அவரைப் 'பூட்டு' என்றுதான் சொல்லும். நான் கொஞ்சம் மரியாதை சேர்த்து 'பூட்டு அத்தான்' என்பேன். கடையில் உட்கார்ந்துகொண்டு ஆள் வரட்டும் என்று காத்திருக்கிற ரகம் இல்லை அவர். தெருவில் நடந்தால் கண் கதவுகள் மேலேயே இருக்கும். ஒரு பூட்டு சரியில்லை என்று பட்டுவிட்டால் போதும், முன்பின் தெரியாத வீடானாலும் தட்டிவிடுவார்.

"அம்மா, உங்க பூட்டு பத்தாது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தா எவனும் திறந்துடுவான்."

பாதிப் பேர் இவரையே திருடன் என்று நினைத்துக் கதவை முகத்தில் சாத்துவார்கள். மீதிப் பேர் பூட்டை மாற்றிக்கொள்வார்கள். அவர் பத்தாது என்று சொன்ன பூட்டு நிஜமாகவே பத்தாததாகத்தான் இருக்கும்.

அவருக்கு ஆகவே ஆகாத ஒன்று டூப்ளிகேட் சாவி. கேட்டால் செய்து கொடுப்பார். ஆனால் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கொடுப்பார். "ரெண்டாவது சாவி போட்டாச்சுன்னா வீட்டுக்குள்ள திருடன் பாதி வந்தாச்சுன்னு அர்த்தம்" என்பார். அவர் வீட்டுக்கே ஒரே சாவிதான். அவர் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட, கடைக்குப் போன அக்கா திரும்பி வந்து வாசற்படியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அவர் வந்ததும் அவள் போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். அத்தனை பெரிய தொண்டை அவளுக்கு.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அழுதாள், இல்லையென்று சொல்லமாட்டேன். மறுநாளே ஒரு மைக் வாங்கி வரச் சொல்லி, கூடத்தில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே பேச முடியாதுன்னா, இருக்கிறப்பவே பேசி வெச்சுட்டுப் போறேன்."

பேசினாள். 'சாப்பிட வாங்க.' 'மாத்திரை போட்டாச்சா?' 'லைட்டை யாரு அணைப்பா?' 'உங்களுக்கு அறிவே கிடையாதா?' என்பதை மட்டும் லேசான கோபம், நடுத்தரம், உச்சம் என்று தனித்தனியாகப் பதிவு செய்தாள். பூட்டு வேலைக்குப் போன் செய்கிறவர்களுக்குச் சொல்லவும் ஒன்றைப் பேசி வைத்தாள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் மவுஸைத் தட்டுவாள், ஸ்பீக்கர் கத்தும், அத்தான் பதில் சொல்வார். சண்டைகூடப் போட்டார்கள். அவர் வாயால், அவள் மவுஸால். உச்சக் கோபத்தை அவள் தட்டினால் அத்தான் கப்சிப். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

கொஞ்ச காலம்தான். நோய் திரும்பி வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அத்தானைப் பார்க்கப் போனேன். அவரே சமைத்து மூடி வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் 'சாப்பிட வாங்க'வைத் தட்டினார். அக்கா கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேன்" என்று எழுந்துபோய்த் தட்டைப் போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருவில் யாருடைய கம்ப்யூட்டரிலோ வைரஸ் புகுந்து எல்லாம் அழிந்துபோனதாக அவர் காதில் விழுந்தது. மனுஷனுக்கு அதோடு தூக்கம் போயிற்று. அக்கா இருக்கிற வீட்டுக்குப் பூட்டே போடாமல் விட்டிருக்கிறோமே என்று புலம்பினார். கம்ப்யூட்டர் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரம்மா பொறுமைசாலி. வைரஸைத் தடுக்கிற ஆன்டிவைரஸ் மென்பொருள்களை வரிசையாக எடுத்து வைத்தார். அத்தான் எடுத்த எடுப்பில், "இதையெல்லாம் யாரு உடைச்சுப் பார்த்தாங்க?" என்று கேட்டார்.

"அதுக்குன்னே சோதனை பண்றவங்க இருக்காங்க சார். நிஜ வைரஸை உள்ள விட்டுப் பார்த்து, எது பிடிச்சுது, எது கோட்டை விட்டுச்சுன்னு வெளியிடுவாங்க. ஒரு தடவை ஜெயிச்சதை எடுக்காதீங்க. விடாம நல்லா வர்றதை எடுங்க."

"வேவு பார்க்கிறதுன்னு ஒண்ணு இருக்காமே?"

"நல்ல ஆன்டிவைரஸ் அதையும் சேர்த்தே பார்த்துக்கும். ஆனா ஒண்ணே ஒண்ணுதான் போடணும். ரெண்டு போட்டா ஒண்ணை ஒண்ணு திருடன்னு நினைச்சு மல்லுக்கட்டும். அதுவா அப்டேட் ஆகட்டும், தடுக்காதீங்க."

ஒன்றே ஒன்று என்றதும் அத்தானுக்குக் கடைக்காரம்மா மேல் மதிப்பு கூடிவிட்டது. பூட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் குடைந்து குடைந்து விசாரித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கிளம்பும்போது கடைக்காரம்மா, "அந்தக் குரலையெல்லாம் ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்து பீரோவுல வெச்சிடுங்க சார்" என்றார்.

அத்தானுக்கு அந்த விளக்கெண்ணெய் முகம் வந்துவிட்டது. "வேண்டாம்மா. காப்பி போட்டா யார் கைக்கோ போகும்."

"அத்தான், இது சாவி இல்ல!" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"சாவி போனா பூட்டை மாத்திக்கலாம். இது உங்க அக்கா" என்றார்.

போட்ட ஆன்டிவைரஸ் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ஒருநாள் ஏதோ பழைய பூட்டின் படத்தை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம். 'உங்கள் பாதுகாப்பு போதாது. வேவு பார்க்கும் மென்பொருள் உள்ளே உள்ளது. இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்' என்று ஒரு அறிவிப்பு.

வேறு யாராக இருந்தாலும் அழைக்காமல் வந்து நிற்பவன்மேல் சந்தேகம் வந்திருக்கும். இவருக்கு எப்படி வரும்? ஆயுசு பூராவும் அழைக்காத வீடுகளின் கதவைத் தட்டி இதே வார்த்தையைச் சொன்ன மனுஷன். கதவைச் சாத்தியவர்கள்மேல் அவருக்கு உள்ளூர வருத்தம் உண்டு. அது கொடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தட்டியவனுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பழைய ஆன்டிவைரஸை எடுத்துவிடச் சொன்னது அது. ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று கடைக்காரம்மாவே சொல்லியிருக்கிறாரே, எடுத்தும் விட்டார்.

மறுநாள் மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"அக்கா கூப்பிட மாட்டேங்குறாம்மா."

ஓடினேன். ஒரு குரலும் திறக்கவில்லை. எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, சாவி வேண்டுமானால் பணம் அனுப்பு என்று ஒரு கடிதம் மட்டும் திறந்தது. கடைக்காரம்மா கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கே வந்து வெகுநேரம் போராடினார்.

"இந்தப் பூட்டுக்கு யாரும் இன்னும் சாவி கண்டுபிடிக்கல சார். பணம் கொடுத்தாலும் திறப்பானுங்கன்னு நம்ப முடியாது."

"நான் திறக்காத பூட்டு இந்த ஊர்ல இல்லம்மா" என்றார் அத்தான். பெருமையாகச் சொல்லவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, இப்போது என்ன செய்வது என்று கேட்கிற மாதிரி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், எங்கோ உட்கார்ந்திருக்கும் அந்தப் படுபாவியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி என்ன பிரயோஜனம்? அவனுக்கு அது யார் குரல் என்றுகூடத் தெரியாது.

"காப்பி எங்கயாவது இருக்கா?" என்று கடைக்காரம்மா மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. 'அத்தான் எங்கே?' என்று நான் செய்தி அனுப்பினால், பதில் அடிக்கச் சோம்பல்பட்டு அக்கா எனக்கு ஒரு பதிவை அனுப்பிவிடுவாள், போன் செய்கிறவர்களுக்காகப் பேசி வைத்த அதையே. போனில் மேலே மேலே தள்ளித் தேடினேன். இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. விரலை வைக்கவே பயமாக இருந்தது, இருந்தாலும் தட்டினேன்.

"அவர் வீட்டுல இல்லைங்க. வெளிய போயிருக்காரு. வந்ததும் சொல்றேன்."

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். கடைக்காரம்மாவைப் பார்த்து, "இதுக்கு எத்தனை காப்பி வேணும்னாலும் போடும்மா" என்றார். பிறகு என் போனை இரண்டு கையாலும் வாங்கி, காதோடு வைத்து, மறுபடி தட்டினார்.

"அவர் வீட்டுல இல்லைங்க" என்றாள் அக்கா.

"இங்கதான்டி இருக்கேன்" என்றார் அத்தான். "வீட்டுலதான் இருக்கேன்."