பங்குனியில் எங்கே இருப்பீர்கள்?

ஃபெல்லோஷிப் விண்ணப்பம் எழுதுவதில் கோவில்பட்டியில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சும்மா பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற அண்ணாச்சியைக் கேளுங்கள். "டீச்சர் கை வச்ச ஃபாரம் திரும்பி வராது" என்பார். என் மாணவி ஒருத்தி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்களின் பேச்சைப் பதிவு செய்ய ஒரு நல்கை வாங்கினாள். இன்னொருத்தன் கரிசல் மண்ணில் உப்பு ஏறுவதைப் படிக்க வெளிநாடே போய்விட்டான். இரண்டு பேருக்கும் விண்ணப்பத்தைத் தேடிக் கொடுத்ததும் திட்டித் திட்டித் திருத்தியதும் நான்தான்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. எல்லோரும் அறிவிப்பின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு உடனே எழுத உட்கார்ந்துவிடுவார்கள். நான் கடைசிப் பக்கத்தில்தான் ஆரம்பிப்பேன். யாருக்குக் கொடுக்க மாட்டோம் என்பதை அங்கேதான் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்புறம், போன வருடங்களில் யார் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு வெட்கப்படாமல் மின்னஞ்சல் போடுவேன். பாதிப் பேர் பதில் எழுதுவார்கள். சிலர் தங்கள் விண்ணப்பத்தையே அனுப்பிவிடுவார்கள். பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பேர் உள்ளவரிடம் கேட்கக் கூடாது. நம் வேலையைப் படித்தவரிடம், அதுவும் ஒரு மாதம் முன்னாலேயே கேட்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் முந்தின நாள்தான் போய் நிற்பார்கள்.

ஆனால் எனக்கென்று எழுதிய மூன்று விண்ணப்பமும் ஊத்திக்கொண்டன.

மூன்றுக்கும் ஒரே பொருள்தான். எங்கள் பக்கம் விதைப்புக்கு முன்னால் ஆட்டு மந்தையை நிலத்தில் இரண்டு மூன்று நாள் அடைத்துப் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதைக் கிடை என்போம். எங்கள் குடும்பம் கிடைக்காரக் குடும்பம். அண்ணனும் மதினியும் இன்றைக்கும் மந்தையோடுதான் திரிகிறார்கள். நான் மட்டும் சின்னதிலேயே ஹாஸ்டலுக்குப் போய், படித்து, இப்போது காலேஜில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். மந்தையோடு ஒரு வருடம் முழுக்க நடந்து, அந்த வருடத்தைப் புத்தகமாக எழுத வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம். பத்து வருட ஆசை.

போன தடவை ஒரு சென்னை அறக்கட்டளையில் நேர்காணல் வரைக்கும் போனேன். அங்கே பட்ட அவமானத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகும். விண்ணப்பத்தில் பன்னிரண்டு கட்டம் இருக்கும். எந்த மாதம் எந்த ஊரில் களப்பணி என்று எழுத வேண்டும். நானும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாயில் வந்த ஊரையெல்லாம் நிரப்பி அனுப்பிவிட்டேன். கார்த்திகைக்கு நேரே ஸ்ரீவைகுண்டம் வயல்வெளி என்று போட்டிருந்தேன். தேர்வுக் குழுவில் நரைத்த மீசையோடு ஒரு பேராசிரியர் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "கார்த்திகையில ஆத்துப் பாசனத்துல பிசான நெல்லுப் பயிர் பச்சையா நிக்குமேம்மா. அதுக்குள்ள ஆட்டை விட்டா நிலத்துக்காரர் சும்மா இருப்பாரா?"

ஆட்டுக்காரக் குடும்பத்துப் பெண் என்று முதல் வரியிலேயே மார்தட்டியிருந்தேன். மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? 'நன்றி, வணக்கம்' என்று எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருடம் அதே சென்னை அறக்கட்டளை மறுபடி அறிவித்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். வயது வரம்பு நாற்பது. வருகிற தையில் எனக்கு நாற்பது முடிகிறது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தை நான் எழுதப் போவதே இல்லை. சம்பளமில்லாத விடுப்பில் ஒரு வருடம் ஆட்டுக்குப் பின்னால் போக வேறு எந்த வழியும் எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் பார்ப்பவர். "எழுது, நான் என்ன சோறு பொங்கத் தெரியாதவனா?" என்று சொல்லிவிட்டார். கட்டத்தை மட்டும் இந்தத் தடவை பொய்யில்லாமல் நிரப்பிவிடலாம் என்று நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம், சம்சாரி என்று நாங்கள் சொல்லும் விவசாயி ஒருவரின் மானாவாரிக் காட்டில் கிடை போட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே வேலை முடிந்து அடுத்த காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மதினி தலையில் மூட்டை, கையில் தூக்குவாளி. அண்ணன் தொரட்டிக் கம்பைத் தோளில் போட்டு, நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தான். மந்தை அசைந்தது. நான் காரியத்திலேயே கண்ணாக நோட்டை விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணே, பங்குனி மாசம் எங்க போவிய?"

அண்ணன் எடுத்த காலை அப்படியே நிறுத்தினான். மதினி தூக்குவாளியைத் தரையில் 'ணங்'கென்று வைத்தாள்.

"ஏட்டி! காலேஜில வாத்திச்சி வேலை பாக்க. கிளம்புதவியகிட்ட எங்க போறியன்னு கேக்கக் கூடாதுன்னு கூடவா தெரியாது? ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!"

தெரியாமல் என்ன? எங்கள் பக்கம் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்தால் எங்கே என்று கேட்க மாட்டோம். "தூரமாக் கிளம்பியாச்சோ?" என்போம். சொல்ல வேண்டுமென்றால் அவர்களாகச் சொல்வார்கள். கேட்டுவிட்டால் போகிற காரியம் முறிந்துபோகும். உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்பக் கிளம்ப வேண்டும். வருடக்கணக்காக விண்ணப்பங்களிலேயே கிடந்ததில் எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஆக, மூட்டையை இறக்கினார்கள், உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். கிளம்பிய ஆடுகளுக்கு இந்தச் சாஸ்திரம் தெரியுமா? நாலா பக்கமும் சிதறி வேலிமரத்துக்குள் புகுந்துவிட்டன. நாய் குரைத்துக் குரைத்து ஓய்ந்தது. அத்தனையையும் திரும்ப ஒன்று சேர்க்க அரை மணி நேரம் ஆயிற்று. அண்ணனுக்கு மூக்கு விடைத்துவிட்டது.

"மழ எங்கன பெய்யும், எந்தச் சம்சாரி கூப்புடுவாருன்னு எனக்கு என்ன லெட்டரா போடுதாவ? ஆவணியில வந்து பங்குனியக் கேக்கா! ஏட்டி, நீ எத்தன வருசமா இந்த ஆட்டப் பத்தி எழுதுத? ஒரு நாளு இதுக்குப் பின்னால நடந்திருக்கியா?"

சுருக்கென்றது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திருப்பி நாலு வார்த்தை கேட்க எனக்கா தெரியாது? ஆனால் அவன் சொன்னதில் எதை மறுப்பது? ஒரு நாள்கூட நடந்ததில்லை. விடுமுறைக்கு வந்தால் கிடையைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிவிடுவேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அவர்களோடு நடந்தேன். கரிசல் கட்டியில் நடப்பது காலேஜ் வராண்டாவில் நடப்பது போலவா? அரை மைல் போவதற்குள் செருப்பு வார் அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். மதினி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், கோபம் போய்விட்டது என்று தெரிந்தது.

பேச்சுக்காகக் கேட்டேன். "மதினி, போன பங்குனியில எங்கன கெடந்திய?"

அதுதான் சாவி. போகப்போகும் ஊரைப் பற்றி வாயே திறக்காதவர்கள், போய்வந்த ஊர்களைப் பற்றி என்றால் வாயை மூடவே மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"செவலை மறி ரெட்டக்குட்டி போட்டுச்சே, அந்த வாய்க்காக் கரையிலதான்" என்றாள் மதினி.

"அது அதுக்கு முந்துன வருசம். போன பங்குனியில நாய் காணாமப் போச்சுல்லா, அங்கன" என்றான் அண்ணன்.

"நாய் காணாமப் போனது மாசியில. ஒமக்கு ஒண்ணும் நெனப்பு இருக்காது."

வழி முழுக்கச் சண்டை. ஆடு குட்டி போட்டது, மழைக்கு ஒதுங்கியது, பாம்பு வந்தது, ஒரு சம்சாரி வீட்டில் கறிச்சோறு போட்டது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து ஐந்து வருடத்தையும் மாதவாரியாகச் சொல்லிவிட்டார்கள். நோட்டைத் திரும்ப எடுத்து, நடந்துகொண்டே கிறுக்கினேன். எந்தப் பங்குனியும் இன்னொரு பங்குனி மாதிரி இல்லை. ஆனால் அறுவடை முடிந்த வயலைத் தேடி ஆற்றுப் பக்கம், விதைப்புக்கு முன்னால் கரிசல், பயிர் நிற்கும் மாதங்களில் மேற்கே செம்மண் பூமியான செவக்காடு என்று போக்கு மட்டும் மாறவில்லை. அதைவிட, கிடைக்குக் கூப்பிட்ட சம்சாரி ஒவ்வொருவரும் முன்னால் கிடை போட்ட நிலத்துக்காரர் ஒருவரின் சொந்தக்காரராகவோ பக்கத்துக் காட்டுக்காரராகவோ இருந்தார். எனக்குப் புல்லரித்தது. என் புத்தகமே இதுதான், பத்து வருடமாக நான் இதைப் பார்க்கவில்லை.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். ஐந்து வருடப் பட்டியலை இணைப்பாகப் போட்டேன். பன்னிரண்டு கட்டத்தையும் காலியாக விட்டேன்.

"டீச்சர், காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காது. செவப்புல காட்டுது பாருங்க" என்றார் அண்ணாச்சி.

யோசித்தேன். சித்திரையிலிருந்து பங்குனி வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே பதிலை அடித்தேன்: மந்தை இருக்கும் இடத்தில்.

"பன்னெண்டு தடவையுமா? டீச்சர், மத்த பிள்ளைகளுக்குன்னா இப்பிடி எழுத விடுவியளா? பாத்தா சிரிக்கப் போறாவ."

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. சிரிச்சா, படிச்சிருக்காவன்னு அர்த்தம்."

கீழே ஒரு பத்தி சேர்த்தேன். கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை, ஆகவே என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு அமாவாசைக்கும் எங்கே இருக்கிறேன் என்று எழுதி அனுப்புகிறேன் என்று. அனுப்பு பொத்தானை அமுக்கினேன்.

ஐப்பசியில் நேர்காணல், கணினி வழியாக. அதே பிரவுசிங் சென்டரில், அண்ணாச்சி மற்ற மெஷின்களை நிறுத்திவிட்டு வாசலில் காவலுக்கு நின்றார். திரையில் மூன்று முகம். ஒன்று அதே நரைத்த மீசை.

அவரே ஆரம்பித்தார். "போன வருஷம் கார்த்திகைக்கு ஸ்ரீவைகுண்டம்னு எழுதியிருந்தீங்க. ஏன் அப்படி எழுதினீங்க?"

"பொய் எழுதினேன் சார்."

மற்ற இருவரும் நிமிர்ந்தார்கள்.

"கட்டம் கேட்டது, நிரப்பினேன். மந்தையோட ஒரு நாள்கூட நடக்காம எழுதினது அது. இந்த வருஷம் ஒரே ஒரு நாள் நடந்திருக்கேன். அதனாலதான் கட்டத்துல ஊர் பேர் இல்லை."

ஐந்து வருடப் பட்டியலை எடுத்துவைத்துப் பேச ஆரம்பித்தேன். யார் கூப்பிட்டார், அவருக்கு முன்னால் கிடை போட்டவர் யார், அந்தச் சங்கிலி ஆறு வரைக்கும் எப்படிப் போகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். கூட இருந்த அம்மையார் இடைமறித்தார். "எல்லாம் சரி. ஆனா அடுத்த பங்குனியில நீங்க எங்கே இருப்பீங்கன்னு தோராயமாவாவது சொன்னாத்தானே..."

நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் கையை உயர்த்தினார். "அதைக் கேக்க வேண்டாம்மா" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரைக்குக் கொஞ்சம் கிட்டே வந்து, இத்தனை நேரம் ஒளித்து வைத்திருந்த ஊர்ப் பேச்சில் கேட்டார்: "தூரமாக் கிளம்பியாச்சோ?"

"தூரந்தான் சார்" என்றேன்.

கார்த்திகையில் மின்னஞ்சல் வந்தது. 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்ற இடத்தைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. அண்ணாச்சி கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரித்துக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். நான் வெளியே வந்து, தீப்பெட்டி லாரிகள் போகிற இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மதினிக்குப் போன் போட்டேன்.

"கெடச்சுட்டா? சந்தோசம்ட்டி!" என்று கத்தினாள். "ஏங்க, ஒங்க தங்கச்சிக்குக் கெடச்சுட்டாம்!" அண்ணன் தூரத்தில் என்னவோ சொன்னான், ஆட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. "எப்பம்ட்டி வார?"

"காலேஜில லீவு எழுதிக் குடுத்துட்டு, திங்கக்கெழம வந்துருதேன் மதினி. நீங்க அப்பம்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு ஆடு கத்தியது.

"திங்கக்கெழம கயத்தாறு தாண்டி மேக்க, அய்யனார் கோயிலுக்குப் பின்னால செவக்காட்டுல கெடப்போம்" என்றாள் மதினி. "ரெண்டு நாளு அங்கன. பொறவு கொளத்துக்கு வடக்க ஒரு மொதலாளி கூப்ட்டுருக்காரு. அங்கனருந்து ஒங்க அண்ணன் இன்னும் மேக்க போணும்ங்காவ."

பதினைந்து வருடமாக எனக்கு மதினி. இனிமேல் போகப்போகிற இடத்தை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை.

"மதினி, நான் கேக்கவே இல்லையே."

"கூட நடக்கப் போறவகிட்டச் சொல்லாம வேற யார்ட்டடி சொல்ல?" என்றாள். "நல்ல செருப்பா வாங்கிட்டு வா."