கேஸ் டிராக்டரை பெட்ரோலுக்கு மாற்றி விற்றது

உச்சிப்புளிப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் படகு எஞ்சின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறோம். ஃபைபர் படகின் பின்னால் மாட்டுகிற சின்ன எஞ்சின்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. கழற்றிப் பூட்டுவது அவர் வேலை. ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டு, எங்கே கோளாறு என்று சொல்வது என் வேலை. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள் நான். எனக்கு எஞ்சின் சத்தம் பேச்சு மாதிரி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அபிராமத்தில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரியின் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் நின்றுபோனது என்று போயிருந்தோம். அங்கே கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிய டிராக்டர் ஒன்று நின்றது. சின்ன வண்டி, நரைத்த நிறம். சாக்கை விலக்கிப் பார்த்தால் டீசல் எஞ்சின் இல்லை, நாலு ஸ்பார்க் பிளக். சீட்டுக்குப் பின்னால் சிலிண்டர் வைக்க இரும்பு வளையம்.

"இது கேஸ்ல ஓடுற வண்டியா அய்யா?" என்றேன்.

"ஆமாந்தாயி. மலை எஸ்டேட்டுல ஏலத்துக்கு எடுத்தது. பெட்ரோல் வண்டி. பெட்ரோல் விலை ஏறவும் ஒருத்தன் கேஸ் கிட் மாட்டிக் குடுத்தான். நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம், வீட்டு சிலிண்டர வண்டிக்கு மாட்டுனா கேஸாயிரும்னு சொல்லிட்டாக. கேஸுக்கே கேஸு. நிப்பாட்டிட்டேன்."

"விக்கலையா?"

"வாரவன் எல்லாம் சிலிண்டர் வளையத்தப் பாத்துட்டு பத்தடி தள்ளி நின்னுதான் வெல கேக்குறான். பழைய இரும்புக்காரன் மட்டுந்தான் கிட்ட வந்தான்."

என் வீட்டுக்காரர் அதற்குள் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்ததுமே இதை வாங்கப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஆர்.சி. புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் பெட்ரோல் என்றே இருந்தது. கேஸ் கிட் மாட்டியதை யாரும் பதியவில்லை. பெட்ரோலுக்குத் திருப்பிவிட்டால் காகிதமும் வண்டியும் ஒன்றாகிவிடும், விலையும் கூடும் என்று கணக்குப் போட்டேன். பழைய இரும்பு விலைக்கு மேலே கொஞ்சம் வைத்துப் பேசி முடித்தோம்.

அந்தக் கொட்டகையிலேயே வைத்துச் செய்தால் ரெண்டு நாள் வேலை என்றார் என் வீட்டுக்காரர். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கேஸ் கிட்டைக் கழற்றினோம். பரமக்குடியில் உடைத்துப்போட்ட ஜீப்பிலிருந்து ஒரு கார்பரேட்டர் கிடைத்தது. அதை மாட்ட நடுவில் ஒரு தகடு அறுத்துப் போட வேண்டியிருந்தது. பழைய பெட்ரோல் டேங்க் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. அதனால் படகு எஞ்சினுக்கு வைக்கிற சிவப்பு பெட்ரோல் கேனையே கொண்டுபோய்ப் பின்னால் கட்டினோம். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோலை வைக்கப் பயம், அதனால் தாழ்வாக வைத்தார். தாழ்வாக வைத்தால் பெட்ரோல் தானாக ஏறாது. அந்தக் கேனின் குழாயில் ரப்பர் உருண்டை ஒன்று இருக்கும், அதை அமுக்கினால்தான் ஏறும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது கார்பரேட்டர் வழியாக 'டொப்' என்று ஒரு வெடி. சம்சாரியின் கோழிகள் மொத்தமும் கொட்டகைக் கூரைக்குப் போய்விட்டன. அவர் வைக்கோல் படப்புக்குப் பின்னாலிருந்து, "தம்பி, உசுரோட இருக்கியா?" என்று கேட்டார். இவர் முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு ஓடியது. ஆனால் பாரம் ஏற்றினால் எஞ்சினுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி தட்டியது.

"ஏங்க, பிளக்குல பொறி விழுற டைமிங் முந்திக்கிட்டு நிக்குது. கேஸுக்கு வச்சது அப்படியே இருக்கு. பெட்ரோலுக்குப் பின்னால தள்ளுங்க."

தள்ளினார். பாதி குறைந்தது. "இன்னும் தட்டுது" என்றேன். கேஸுக்காக எஞ்சினின் தலையைச் சீவி, அமுக்கத்தைக் கூட்டியிருந்தான் கிட் மாட்டியவன். தலைக்கு அடியில் தடிமனான கேஸ்கெட் தகடு வைத்து அதையும் சரிசெய்தார். அதன் பிறகு அந்த எஞ்சின் ஓடிய அழகு இருக்கிறதே, நான் கண்ணை மூடி நின்று கேட்டேன்.

லாரிக்குக் காசு எதற்கு, ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்றது நான்தான். விடியக் கிளம்பினோம். அவர் ஸ்டியரிங்கில், நான் மட்கார்டில் உட்கார்ந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ரப்பர் உருண்டையை அமுக்கியபடி. அமுக்குவதை நிறுத்தினால் வண்டி இருமும். பரமக்குடி தாண்டும்போது ஒரு டவுன் பஸ் எங்களுக்குப் பின்னால் வந்து, முந்தாமல் கொஞ்ச தூரம் பக்கத்திலேயே கூட வந்தது. ஜன்னலில் இருந்த ஒரு அம்மா, "அதென்னத்தாயி அமுக்குற?" என்று கேட்டார்.

"இதுக்குப் பால் கறக்கேன்" என்றேன்.

பஸ் முழுக்கச் சிரித்தது. இவர் திரும்பிப் பார்த்துச் சிரித்ததில் வண்டி ரோட்டோரம் இறங்கி ஏறியது. வீட்டுக்கு வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. வலது கை எது, இடது கை எது என்று எனக்கு மறந்திருந்தது. அப்படியும் ரெண்டு பேரும் வாசலில் நின்று காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுவாரம் கேனை எஞ்சின் சூடு படாமல் தள்ளி, உயரத்தில் தனித் தகடு அடித்து வைத்தோம், பெட்ரோல் தானாகவே இறங்கியது. வண்டிக்குப் பச்சை பெயின்டும் அடித்தோம். ஆனால் விற்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: ஒரு ஏக்கர் உழ எவ்வளவு குடிக்கும்? உண்மையைச் சொன்னேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் ரொம்ப தூரத்திலிருந்து வந்து, "கேஸ் வண்டின்னுல்ல கேள்விப்பட்டு வந்தேன். அந்தக் கேஸ் கிட்டை ஏன் கழத்துனீக?" என்று எங்களையே கோபித்துக்கொண்டார்.

காற்றுக் காலத்தில் ஒருநாள் புதுமடம் கடற்கரையில் ஒரு படகு எஞ்சினைப் பார்க்கப் போனோம். டிராக்டரிலேயே போனோம், சும்மா நிற்கிறதே என்று. அங்கன ஐந்தாறு ஃபைபர் படகுகளை மணலில் மேலே ஏற்ற ஆட்கள் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் கயிற்றை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். பெரிய டீசல் டிராக்டர் என்றால் அந்த மணலில் புதைந்திருக்கும். இது லேசான வண்டி, டயரில் காற்றையும் கொஞ்சம் இறக்கிவிட்டிருந்தோம். ஒரு படகு, ரெண்டு, மூன்று என்று வழுக்கிக்கொண்டு மேலே ஏறின. தோளைத் தடவியபடி எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார். "விக்கிற வண்டிதான?"

"ஆமாண்ணே. ஆனா பெட்ரோல் குடிக்கும், சொல்லிட்டேன்."

"ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் இழுக்கப்போறோம். எம்புட்டுத்தான் குடிச்சிரும்? பெட்ரோல் எங்க படகுலயே கெடக்கு."

உழுகிறவனுக்கு ஆகாத வண்டி, இழுக்கிறவனுக்குத் தங்கம். ஆறு படகுக்காரர்கள் சேர்ந்து அங்கனயே பேசி முடித்தார்கள். செலவெல்லாம் போக, நாங்கள் கொடுத்ததைப் போல இன்னொரு மடங்கு கையில் நின்றது. கூட ஒரு சாக்கில் நகரை மீனும் கொடுத்தார்கள்.

கைகொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்த பிறகுதான், வந்த வண்டியை விற்றுவிட்டோம் என்பது எங்களுக்கு உறைத்தது. பஸ் வர ரெண்டு மணி நேரம் இருந்தது.

"நடப்பமா?" என்றார்.

ஸ்பானர் பையை அவர் தோளில் போட்டுக்கொண்டார், நான் மீன் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டேன். நல்ல வெயில். வழியில் ரெண்டு பேருக்கு மீன் விலை சொல்லி விற்றும்விட்டேன்.