எட்டாவது புள்ளி

ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கி வரும் நாட்களில், எங்கள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தால் பல்லில் மண் கடிபடும். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்குமுன் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். நோட்டைத் திறந்தால் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான். அப்பேர்ப்பட்ட காற்றை ஒருநாள் நான் இல்லை என்று சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்பில், சூடான நீர் ஆறுவதை அளந்து வரைபடம் போடச் சொன்னார் அறிவியல் சார். உடையாத தெர்மாமீட்டர் ஒன்றுதான் மிச்சம் என்பதால், மதிய இடைவேளையில் தினம் ஒரு ஜோடியாக ஆய்வகத்துக்குப் போக வேண்டும். எனக்கு ஜோடி பகவதி. எதையும் இரண்டு தரம் பார்க்காமல் சொல்ல மாட்டாள். பாதரசத்துக்கு நேரே கண்ணைக் கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு அளவைச் சொல்வாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "ஆச்சு" என்று குரல் கொடுத்து, அவள் சொல்வதை எழுதிக்கொள்வேன். ஏழு அளவுகள் சமர்த்தாக வந்தன. எட்டாவதுக்கு முன்னால், கொண்டி போன சன்னலைக் கட்டியிருந்த சணல் கயிறு அறுந்து, காற்று சடாரென்று உள்ளே புகுந்து தண்ணீரின்மேல் அடித்தது. நான்தான் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றேன். அதுவரை இரண்டு டிகிரி, மூன்று டிகிரி என்று இறங்கிக்கொண்டிருந்த நீர், அந்த ஒரு தடவை மட்டும் ஏழு டிகிரி இறங்கியிருந்தது.

அன்று வீட்டில் கிராஃப் ஷீட்டை விரித்துப் புள்ளி வைத்தால், எட்டாவது புள்ளி தொபுக்கென்று கீழே விழுந்தது. அடுத்து வந்தவையும் அதன் பின்னாலேயே போயின. பாடப்புத்தகத்து வளைவோ சறுக்குமரம் போல வழவழவென்று இருந்தது. நல்ல வரைபடம் ஒன்றை நாகர்கோவில் கண்காட்சிக்கு அனுப்பப்போவதாகச் சார் சொல்லியிருந்தார். அந்த ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. ரப்பரை எடுத்துத் தாள் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும்வரை தேய்த்தேன். எட்டிலிருந்து கடைசிவரை எல்லாப் புள்ளிகளையும் மேலே ஏற்றி, புத்தகத்தைப் பார்த்தே ஒரு வளைவு போட்டேன். பகவதி, புள்ளியை விழுந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 'காற்று' என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சார் இரண்டு தாள்களையும் மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே தண்ணியத்தானே அளந்திய?"

"சன்னல் திறந்து காத்து அடிச்சுது சார்," என்றாள் பகவதி.

"காத்தெல்லாம் சிலபஸ்ல இல்ல." வகுப்பு சிரித்தது. சார் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ சொல்லு. சன்னல் திறந்துச்சா?"

பகவதி என்னைப் பார்த்தாள். கூட இருந்தவள்தானே, சொல்லிவிடுவாள் என்ற தைரியத்தில் பார்த்தாள்.

"இல்ல சார்."

அவள் தாளின் குறுக்கே சிவப்பு மை விழுந்தது. "கள்ளி. கள்ளக் கணக்கு எழுதிட்டுக் காத்துமேல பழியப் போடுகா பாரு," என்றார் சார். அன்று சாயந்தரமே பிள்ளைகள் அவளுக்குக் 'காத்துக்கள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நீதானே ஏட்டி சாத்தின?" நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வீட்டில் அப்பாவிடம் பாதிக் கதையை மட்டும் சொன்னேன். "சார் சொல்லுததுக்கு மேல ஒரு வார்த்த உண்டுமா மக்கா," என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அதுவும் பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

என் வரைபடம் கண்காட்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியது. பகவதி பத்தாவது முடித்ததும் வரலாற்றுக் குரூப்பில் சேர்ந்துவிட்டாள். அறிவியல் குரூப்புக்கு அவள் விண்ணப்பம்கூட வாங்கவில்லை.

இப்போது நான் அதே கணவாய்ப் பக்கம் ஒரு காற்றாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். திரையில் காற்றின் வரைபடம் நாள் முழுக்கத் தானாக ஓடுகிறது. காற்றின் ஒவ்வொரு அடியும் விழுந்த இடத்திலேயே பதிவாகிறது. கிராஃப் ஷீட் இல்லை, ரப்பரும் இல்லை. பள்ளிக்கூடத்து ஆய்வகத்துக்கு அலுமினியச் சன்னல் போட்டாயிற்றாம். சணல் கட்டிய அந்தப் பழைய சன்னல் எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியாது.

போன மாதம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பகவதியைப் பார்த்தேன். துணிக்கடையில் வேலை முடிந்து நின்றிருந்தாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நான் வாயெடுக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா? அந்தச் சன்னல் நெசமாவே திறந்துச்சா? இல்ல, எனக்குத்தான் அப்பிடித் தோணிச்சா?"

"திறந்துச்சு பகவதி. நான்தான் சாத்தினேன்."

வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்து அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, "இத்தன வருசமா நானே என்னக் கள்ளின்னு நெனச்சிட்டிருந்தேன்," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். சன்னலோரம்தான் உட்கார்ந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.