சீஸ் தூவிய பூந்தி

“தண்ணி கொதிக்குது, மாவ வுடு,” என்று அடுப்படி வாசலில் நின்று குரல் கொடுத்தான் சாம்சன்.

கூடத்தில் அவன் கம்பெனியின் ஜெர்மன் இன்ஜினியர் காத்திருந்தார். பயிற்சிக்கு ஜெர்மனி போய்வந்த சாம்சன், முட்டை மாவை வெந்நீரில் சொட்டவிட்டு சீஸ் கலக்கும் அவர் ஊர் ஸ்பேட்ஸ்லேயைத் தன் வீட்டில் அச்சு அசலாகச் செய்வோம் என்று பீற்றி, மீஞ்சூருக்கு அழைத்து வந்திருந்தான்.

மாவைச் சொட்டவிட மனைவி சாராளிடம் பூந்திக் கரண்டியைக் கொடுத்திருந்தான். பக்கத்து அடுப்பில் அப்பளத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சாராள் வழக்கம்போல மாவை எண்ணெயில் தேய்த்துவிட்டாள்.

“இன்னாடி பண்ணிக்கினு கீற?”

“பூந்திக் கரண்டிய குட்த்துட்டு தண்ணில வுடுன்னா, கை கேக்குமாயா?”

பொரிந்ததன் மேல் சீஸைத் தூவி வைத்தார்கள். இன்ஜினியர் இரண்டு தட்டு சாப்பிட்டார், எதுவும் கேட்கவில்லை. சாம்சனுக்கு உயிர் வந்தது.

மறுநாள் கேன்டீனில் இன்ஜினியர், சாம்சன் வீட்டுப் பூந்தி பிரமாதம் என்று எல்லோரிடமும் சொன்னார். பிறகு, ஸ்பேட்ஸ்லேக்கு எப்போது வரலாம் என்று அவனைக் கேட்டார்.