ஆயுத பூஜைக்கு மறுநாள் நின்ற மெஷின்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில், எஞ்சின் மூடியை ஒட்டிய சீட்டுக்கு நான் அடித்துப்பிடித்து ஓடுவேன். மற்றப் பெண்கள் சூடு தாங்காமல் பின்னால் போய்விடுவார்கள். எனக்கோ, டிரைவர் கியர் மாற்றும்போது காலடியில் என்னவோ மாறுகிறதே, அது என்னவென்று தெரிந்தாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் மார்க் வந்ததும் மெக்கானிக்கல்தான் என்று சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, அது எண்ணெய்க்குள்ள கெடக்குற படிப்புல்லா" என்றார் அப்பா.

"அடுப்படியிலயும் எண்ணெய்தான் இருக்கு" என்றேன். அம்மா முறைத்தாள். அப்பா சிரித்துவிட்டார். என் வாய் எனக்கு உதவிய ஒன்றிரண்டு தடவைகளில் அது ஒன்று.

வகுப்பில் அறுபது பேர். பெண் நான் ஒருத்திதான். வொர்க்‌ஷாப்பில் முதல் மூன்று மாதம் ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக்க அரத்தால் தேய்தேய் என்று தேய்த்ததில் உள்ளங்கை கொப்பளித்துப்போனது. ஆனால் லேத்தில் முதன்முதலாக ஒரு கம்பியைக் கடைந்து, சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்ததைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். இந்தப் படிப்பை முடித்தால் ஓடுகிற எதையும் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்ததும் கூடப் படித்தவர்கள் சிமென்ட் ஆலை, பஸ் டெப்போ, பாய்லர் கம்பெனி, வளைகுடா என்று திசைக்கொருவராகப் பறந்தார்கள். நான் பார்த்த வேலை விளம்பரங்களில் பாதிக்குமேல் 'ஆண்கள் மட்டும்' என்று போட்டிருந்தது. ஒன்பது இடங்களுக்கு எழுதியதில் கூப்பிட்டது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை மட்டும்தான். அதன் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராத்திரி ஷிப்ட்டுக்கு உன்னைச் சட்டமே விடாது. கல்யாணம் ஆனா நீயே போயிருவ. இருந்தாலும் ஆறு மாசம் டிரெயினிங் பாரு. சரிப்பட்டா வேலை. இல்லேன்னா வந்த வழியே போயிரணும், வருத்தப்படக் கூடாது."

சுடிதாருக்கு மேல் காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு மறுநாளே போய்ச் சேர்ந்தேன். இதை விட்டால் எனக்கு வேறு கதவு இல்லை.

அந்த வருஷம்தான் புது சிம்ப்ளெக்ஸ் வந்திருந்தது. பருமனான பஞ்சுத் திரியை மெலிதாக இழுத்துச் சுற்றுகிற மெஷின். ஒரு ஓரத்தில் சின்ன விளக்கு, மறு ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கண். நடுவில் இழை அறுந்து வெளிச்சத்தை மறைத்தால் மெஷின் தானாக நின்று சிவப்பு விளக்கு எரியும். எனக்கு அதன்மேல் பைத்தியம். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோருக்கும் அதை விளக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்து மாதம் தாண்டி ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைத் துடைத்து, மாலை போட்டாயிற்று. "பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு நீங்க எதுக்குய்யா பொட்டு வைக்கிறீய?" என்று முதலாளி கேட்கவும் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. ஒரு மோட்டாரைக்கூட விடவில்லை. புது சிம்ப்ளெக்ஸுக்கு மட்டும் செத்த நேரம் நின்று பார்த்து, அம்சமான இடமாகத் தேடி வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. முதலாளி வந்து, சூடம் காட்டி, சிம்ப்ளெக்ஸின் பொத்தானை அழுத்தினார். ஓடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார். அசையவில்லை. நல்ல நாள் அதுவுமாக முதலாளியின் முகம் சுண்டிப்போனது.

பின்னாலிருந்து ஒரு குரல், "பொம்பளப் பிள்ள கை வச்சா வேற எப்படி இருக்கும்?" என்றது.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "பொட்டு வச்சா மெஷின் நிக்கும்னு எந்தப் பொஸ்தகத்துலயும் இல்ல" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஹெட் ஃபிட்டர் கியர் பக்கத்து மூடியைக் கழற்றினார். எல்லோரும் அங்கே குனிந்தார்கள். கோயம்புத்தூருக்கு போன் போட்டு, மெஷின் செய்த கம்பெனியின் ஆளை வரச் சொல்ல மேனேஜர் கிளம்பினார். நான் சிவப்பு விளக்கையே பார்த்தேன். இழை அறுந்துவிட்டது என்கிறது மெஷின். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அப்படியென்றால் கண்ணுக்கு வெளிச்சம் போய்ச் சேரவில்லை. கண்டுபிடித்துவிட்ட குதூகலத்தில் கிட்டத்தட்ட ஓடினேன்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடிக் கண்ணின் மேல் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். என் கைவேலையேதான்.

கோட்டு நுனி கையில் இருந்தது. ஒரு துடைப்பு, ஒரு அழுத்து. ஃபிட்டருக்கே பிடிபடாததைப் பிடித்த எஞ்சினியர் ஆகிவிடலாம், வேலையும் நிச்சயம். உண்மையைச் சொன்னால் பின்னாலிருந்து பேசியவன் சொன்னதுதான் சரி என்று ஆகும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் குற்றம் கியரில் என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்த வருஷமும் யாராவது இங்கேயே பொட்டு வைப்பார்கள், மறுபடியும் நிற்கும். நான் படித்த படிப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"சார், இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். "நான் வச்ச பொட்டுதான் சார்."

மேனேஜர் பார்க்கத் துடைத்தேன். பொத்தானை அழுத்தினேன். மெஷின் இரைந்துகொண்டு கிளம்பியது. முதலாளியே வாய்விட்டுச் சிரித்தார். ஃபிட்டர் தலையில் அடித்துக்கொண்டு மூடியைத் திரும்ப மாட்டினார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. ஆபீஸுக்குப் போய், மெஷின் நின்றால் காரணம் எழுதிவைக்கிற பிரேக்டவுன் புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினார்.

"நீயே எழுது."

வாங்கி எழுதினேன். காரணம்: கண்ணாடியில் சந்தனம், வைத்தது நான். சரிசெய்தவர்: நான். இரண்டிலும் என் பெயரைப் போட்டேன்.

அவர் படித்துவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம், வேறு வேறு கையெழுத்தில், காரணம் என்ற இடத்தில் ஒரே வரி. தானாக நின்றது. தானாக நின்றது. தானாக நின்றது.

"இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

டிரெயினிங்கில் இருப்பவர்களிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுக்கமாட்டார்கள். என் ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.