பின்னங்கால் கட்டிய வண்டி

ஞாபினி கடைத்தெருவில் கார் மெக்கானிக் கதோகோவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எங்கள் பேச்சில் மெக்கானிக்குக்கு ஃபுண்டி என்று பேர். ஃபுண்டி என்றால் அவர் ஒருவர்தான், மற்றவர்கள் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர்கள். இதைச் சொன்னவரும் அவரேதான். தற்பெருமைக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது. ஆனால் ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலேறி வரும், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய கார்களை நம்பித்தான் எங்கள் மலைச்சரிவே பிழைக்கிறது. அதனால் அவர் பேச்சைப் பொறுத்துக்கொண்டோம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் அவரிடம் கொண்டுவருவார்கள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக வட்டமடிப்பார். வளைவில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் வேகம் வேறு. நடுவில் இருக்கிற கிளட்ச் விட்டுக்கொடுக்க வேண்டும். அது இறுகிப்போயிருந்தால் வண்டி குலுங்கிக் குலுங்கி நிற்கப் பார்க்கும். பால் கறந்து வாழ்கிற ஊர் அல்லவா, 'வண்டி உதைக்குது' என்போம்.

உதைக்கிற வண்டிக்கு வைத்தியம் கியர்பாக்ஸைப் பிரிப்பது. அதற்கு வசதியில்லாதவர்கள், "காலக் கட்டி விடு ஃபுண்டி" என்று கெஞ்சுவார்கள். பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் ஒரு துளை காலியாக இருக்கும். அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின்சக்கரங்களுக்கு இழுவை போகாது, உதையும் நின்றுவிடும். கறக்கும்போது பசு உதைக்காமல் பின்னங்காலில் போடுகிற அணைகயிறு மாதிரிதான். கதோகோ அந்த ஃபியூஸ் கழன்று விழாமல் மேலே மெழுகுவர்த்தி மெழுகைச் சொட்டவிட்டு, அதைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கை விளக்கின் பல்பையும் பிடுங்கிவிடுவார். "சமதரையில மட்டும் ஓட்டு. மழைன்னா அவுத்துட்டுத்தான் ஏத்தம் ஏறணும்" என்று கண்டிப்பாகச் சொல்வார். வண்டி கைமாறினால் அந்தச் சொல்லும் கூடவே போகுமா? அதை அவர் யோசிக்கவில்லை. நாங்களும்தான்.

சரிவின் உச்சியில் இருக்கும் ந்யாகியோ ஒரு நீல நிறக் காரைக் கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் கார் ஓட்டிப் பிழைத்த ஒரே பெண். சந்தைக்குக் கிழங்கு, ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் அவள் வண்டியில்தான். கதோகோ வட்டமடித்தார். உதை என்ற பேச்சுக்கே இடமில்லை.

"அண்ணே, பானெட்டுக்குள்ள அந்த ஃபியூஸ் பொட்டியத் தொறந்து பாக்கலியா?"

"எண்ணெயப் பாத்தாச்சு, பெல்ட்டப் பாத்தாச்சு. அந்தப் பொட்டிக்குள்ள என்ன, உன் கல்யாணச் சீரா இருக்கு? என் காது பொய் சொல்லாது. தைரியமா வாங்கு."

வாங்கினாள். கோடை முழுக்க ஒரு குறையுமில்லாமல் ஓட்டினாள்.

ஏப்ரலில் பெருமழை இறங்கிய ஒரு மத்தியானம், எங்கள் சரிவில் இருக்கும் கிருபியின் மனைவி வம்புராவுக்குப் பிரசவ வலி எடுத்தது. ந்யாகியோ அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போகக் கிழங்கு ஏற்றம் என்கிற செங்குத்தான மண்பாதையைத் தாண்டியாக வேண்டும். பாதி ஏற்றத்தில் முன்சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுழன்றன. வண்டி பின்னாலேயே வழுக்கி ஓடைக்குள் கவிழ்ந்தது. ந்யாகியோ கை முறிந்து பிழைத்தாள். வம்புராவும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள்.

சாவு வீட்டில் ந்யாகியோ, "பின்சக்கரம் தள்ளவே இல்ல, தள்ளவே இல்ல" என்று அரற்றிக்கொண்டிருந்தாள். யார் கேட்டார்கள்? பொம்பளை கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அவளை இனி ஓட்ட விடக்கூடாது என்று பேசுவதற்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கூட்டமும் வைத்தார்கள்.

நசுங்கிய வண்டி கதோகோவின் கொட்டகைக்கு வந்தது. பின்னாலேயே கிருபியும் வந்தான். தூங்காத கண்.

"அவ ஓட்டத் தெரியாம ஓட்டுனான்னு ஒரு வார்த்தை கூட்டத்துல சொல்லு ஃபுண்டி. நீ சொன்னா எடுபடும்."

"பாத்துட்டுச் சொல்றேன்."

பானெட்டைக் கம்பியால் நெம்பினார். ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். காலியாக இருக்க வேண்டிய துளையில் ஒரு ஃபியூஸ். அதன் தலையில், மஞ்சளித்துப்போன ஒரு சொட்டு மெழுகு.

கதோகோ கதவோரத்தை நகத்தால் சுரண்டினார். நீலத்துக்கு அடியில் வெள்ளை. என்றோ ஒரு பால்காரனின் வெள்ளைக் காருக்கு அவர் கட்டிவிட்ட கால் அது. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஃபுண்டி?"

"கால் கட்டியிருக்கு. இதோட எந்தக் கொம்பன் ஓட்டுனாலும் ஏறாது. அவ மேல தப்பில்ல."

"எவன்டா கட்டுனது?" கிருபி கத்தினான். "சொல்லு, கொன்னுடுறேன்."

மெழுகு வேறு யாருடையதாகவும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். மறுத்துக் கேட்க ஆளில்லை.

"நான்தான்."

கிருபி ஓங்கிய கம்பியைக் கொட்டகைத் தகரத்தில் அடித்தான், கை ஓயும் வரைக்கும். பிறகு குப்புற விழுந்து அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை கதோகோ கூட்டத்தின் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஃபியூஸை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அங்கே நின்ற பாதிப் பேர் அவரிடம் காலைக் கட்டிக்கொண்டு போனவர்கள்தான். ந்யாகியோவின் பேர் தேறியது. கதோகோவிடம் அதற்குப் பிறகு யாரும் வண்டி விடவில்லை.

கலைந்து போகையில் அவர் அவள் முன்னால் போய் நின்றார். கட்டுப்போட்ட கையை மார்போடு பிடித்துக்கொண்டு அவள் ஃபியூஸையே பார்த்தாள்.

"அன்னைக்குத் தொறக்கச் சொன்னேனே, அண்ணே," என்றாள். "ஒரு மூடிதானே."