மச்சான் பிடித்த கயிறும் பிரேக் இன்ஸ்பெக்டரும்

"ஏளா, உனக்கு வேற சோலி இல்லையா? காது கேக்காத மனுசன் எப்படி வேன் ஓட்டுனாருன்னு இப்ப தெரிஞ்சு என்ன செய்யப் போற? நீயும் ஓட்டிக் கிழிச்சிரவா போற?"

பேத்தியை இப்படி ஏசிவிட்டுத்தான் சொல்ல ஆரம்பித்தேன். ஏசாமல் சொன்னால் சொல்கிற விஷயத்துக்கு மரியாதை இருக்காது.

என் வீட்டுக்காரர் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். இடுப்பில் கயிறு கட்டி, மூச்சை அடக்கி முங்குவார். மேலே மிதக்கிற வள்ளத்தில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பவன் என் தம்பி. எங்களில் மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். அக்காள் தாலி அறுந்துவிடுமே என்ற பயத்திலாவது தூங்காமல் இருப்பான் என்று பெரியவர்கள் செய்த ஏற்பாடு. பாசத்தை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் பாருங்கள்! கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால், 'தூக்கு' என்று அர்த்தம்.

எழுபதுகளில் கடல் அவர் காதைத் தின்றது. இடது காது சுத்தமாகப் போச்சு. வலது காதில் பெரிய சத்தம் மட்டும் கேட்கும். "இன்னொரு தடவ முங்கினா தல சுத்தி அடியிலேயே கெடக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். இவரும் சிரித்த முகமாகத் தலையாட்டினார். என்னமோ நல்ல செய்தி என்று நினைத்திருக்கிறார்.

அந்த நேரம் ஐஸ் கம்பெனி முதலாளி, தருவைகுளத்துக்கு ஐஸ் கொண்டுபோகும் வேனுக்கு ஆள் தேடினார். லைசென்ஸ் இருந்தால் வேலை. இல்லையென்றால் அடுத்த சங்குக் குளி சீசனுக்கு இவர் மறுபடி கடலுக்குப் போய்விடுவார். சும்மா இருக்கச் சொன்னால் கேட்கிற ஆளா? காது நன்றாக இருந்த காலத்திலேயே கேட்டதில்லை.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரிடம் சேர்த்துவிட்டேன். அவருக்குத் தெரிந்த ஒரே பாடம் கத்துவது. "கிளச்சு! கிளச்சு!" என்று அவர் தொண்டை கிழியக் கத்த, இவர் மரியாதையாகச் சிரிப்பார். கத்தி ஓய்ந்ததும் அடிக்க ஆரம்பித்தார். பிரேக்குக்குத் தோளில் ஓர் அடி, கிளச்சுக்குத் தொடையில் ஓர் அடி. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் தோள் கன்றிப்போயிருந்தது. நேரே மாஸ்டரிடமே போய்விட்டேன்.

"அண்ணாச்சி, கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கியளா, இல்ல கொட்டு அடிக்கப் பழகுதியளா?"

"நான் என்னம்மா செய்ய? செவிட்டு மனுசனுக்கு எந்தப் பாசையில சொல்ல?"

என் தம்பிக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் இல்லை. "அக்கா, அத்தானுக்குத் தெரிஞ்ச பாசை கயிறுதான? கடல்ல பேசுனத ரோட்டுல பேசுவோம்" என்றான்.

அடுத்த நாள் அத்தான் இடுப்பில் கயிறு, பக்கத்தில் மாஸ்டர், பின்சீட்டில் கயிற்றோடு மச்சான். ஒரு சுண்டு சுண்டினால் பிரேக், இரண்டு சுண்டினால் மெதுவாக. தெருவே வேடிக்கை பார்த்தது. "கயித்தப் பிடிச்சு மாட்டக் கூட்டியாரவன் முன்னாலதான போவான், இவன் என்ன பின்னால இருக்கான்?" என்று ஒருத்தி கேட்டாள். உண்மையில் நன்றாகத்தான் போனது, உப்பளத்துப் பக்கம் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வரும்வரை.

ஆட்டைப் பார்த்ததும் இவர் பயந்துபோனார். பயந்தால் கை எங்கே போகும்? இடுப்புக்கு. கயிற்றை இவரே ஒரு சுண்டு சுண்டிவிட்டார். என் தம்பி அத்தனை வருசம் வள்ளத்தில் நின்றவன். சுண்டு விழுந்ததும் சீட்டில் காலை முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. ஸ்டியரிங்கில் இருந்த மனுசர் பின்சீட்டுக்கு வந்து சேர்ந்தார். கார் மட்டும் தனியாகப் போய் உப்பு அம்பாரத்தில் முட்டி நின்றது. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை.

"ஏலே, எதுக்குலே தூக்குன?" என்று மாஸ்டர் அலறினார்.

"அத்தான் சுண்டுனாவல்லா! தூக்காம இருந்து அக்காகிட்ட யாரு பேச்சு வாங்க?"

அத்தோடு கயிற்றை அவிழ்த்துப் போட்டோம். மாஸ்டரும் கையைக் கழுவப் பார்த்தார். நான் விடவில்லை.

"அந்தக் கையத்தான் அண்ணாச்சி கேக்கேன். அடிக்குத கையால காட்டுங்க. மூடுன கைன்னா பிரேக், விரிச்ச கைன்னா மெதுவா. அவுக கண்ணுல பழுது இல்ல."

முனகிக்கொண்டே செய்தார். பின்னால் வருவதைப் பார்க்கப் பெரிய கண்ணாடியும் மாட்டினார். கொஞ்ச நாளில் கை பேசிப் பழகிவிட்டது. மாஸ்டர் வீட்டில்கூட வாயைத் திறக்காமல் கையாலேயே சோறு கேட்டாராம். அவர் வீட்டம்மா என்னைச் சந்தையில் பார்த்து நன்றி சொன்னாள்.

டெஸ்ட் நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் வாய் நிறைய வெற்றிலையோடு வந்தார். துப்பவும் மனசில்லை, பேசவும் வழியில்லை. எல்லாருக்கும் கையாலேயே உத்தரவு போட்டார். நல்ல காது உள்ளவன் எல்லாம் "என்ன சார்? என்ன சார்?" என்று முழித்துத் தப்பாகத் திருப்பினான். எங்கள் ஆள் மட்டும் கை அசையுமுன் கார் அசைய, அழகாக ஓட்டிவந்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டருக்குப் பரம சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் துப்பிவிட்டு, "ஊர் எது?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"முப்பத்தெட்டு முடிஞ்சிட்டு சார்" என்றார் இவர்.

இன்ஸ்பெக்டர் முகம் மாறியது. "காது கேக்காதா? ஹாரன் கேக்காதவனுக்கு எப்படி லைசென்ஸ் குடுக்க?"

இன்ஸ்பெக்டர் இவரை முதுகு காட்டி நிற்க வைத்து, மாஸ்டரிடம் காரைத் தூரத்தில் கொண்டுபோய் ஹாரன் அடிக்கச் சொன்னார். அடித்தார். இவர் அசையவில்லை. இந்த மனுசர் மறுபடி கடலில் முங்குவது கண் முன்னால் தெரிந்தது. "மாதாவே, ஒரு காதையாவது திற" என்றேன். மாஸ்டர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, விடாமல் அழுத்தினார்.

இவர் துள்ளி ஓரத்துக்கு ஓடினார். திரும்பிப் பார்த்து, மைதானமே கேட்கக் கத்தினார்: "ஏன் அண்ணாச்சி இப்படி அலற விடுதிய? காது உள்ளவன் செத்தே போவான்!"

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் மீதி வெற்றிலையும் வெளியே வந்தது. "ரெண்டு பக்கமும் கண்ணாடி மாட்டாம வண்டிய எடுக்கக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்துவிட்டார்கள். செவிட்டு மனுசனுக்கு எப்படி லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று ஒரே விசாரணை.

"அதுவா?" என்றேன். "வண்டியில ஏறுன எல்லாரும் 'மெதுவா போ, ஓரமா போ, அங்கன நிறுத்து, இங்கன நிறுத்து'ன்னு டிரைவர் உயிர எடுக்கியள்லா? உங்கள மாதிரி ஆளுவள ஏத்துததுக்குன்னே கவர்மெண்டு காது கேக்காத மனுசனாப் பார்த்துப் பார்த்து லைசென்ஸ் குடுத்திருக்கு."